தண்ணீர் குடிக்காத ஒத்திகை

லண்டனுக்குப் பதினான்கு மணி நேரம். அதற்கு முன்னால் மலையிலிருந்து இறங்கிப் போக நாலு மணி நேரம், விமான நிலையத்தில் காத்திருக்க மூன்று மணி நேரம். இத்தனை நேரமும் மூத்திரம் முட்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. விமானம் விழுந்துவிடுமோ என்று நான் பயந்ததே இல்லை. விழுந்தால் எல்லாரும்தான் விழுவோம். நனைத்துக்கொண்டால் நான் மட்டும்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தேயிலைச் சரிவில், கொழுந்து வெட்டும் மெஷினோடு சறுக்கி விழுந்தேன். முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கையை ஊன்றி நானே மாறி உட்கார்ந்துகொள்வேன். ஆனால் கழிவறைவரை தள்ளிக்கொண்டு போய், நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இத்தனை வருஷமும் அந்த ஆள் என் வீட்டுக்காரர். லண்டனில் நர்ஸாக இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் முதல் பிரசவம். டிக்கெட் எனக்கு மட்டும்தான் போட முடிந்தது.

"பிளேன்லயே ஒடுக்கமா ஒரு நாற்காலி வச்சிருப்பாங்கமா. சொன்னா தள்ளிக்கிட்டுப் போவாங்க. நீ வாயத் தொறந்து கேக்கணும், அவ்ளோதான் லா," என்றாள் மகள் போனில்.

அவ்வளவுதானாம்! இருபது வருஷம் கொழுந்தெடுத்தவள் நான். மலையில் ஏது கழிவறை? காலையில் அரைக் குவளைத் தேநீரோடு நிறுத்திக்கொள்வோம். கொழுந்து நிறுத்து முடித்து வீடு திரும்பும்வரை பொம்பளைகள் யாரும் தண்ணீரைத் தொடமாட்டோம். கங்காணியிடம் போய் 'அவசரம்' என்று சொல்வதைவிடத் தொண்டை காய்ந்து கிடப்பது மேல். அந்த வித்தை விமானத்துக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே இடத்தில், ஒரு சொட்டு இல்லாமல். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. செவ்வாய்க்கிழமை குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது.

டவுன் கிளினிக்கில் மிஸி, அதாவது நர்ஸ், என்னை முறைத்தாள். "மூத்திரத்துல கிருமி. ஏன்க்கா, ஆகாயத்துல இது வந்தா எந்த கிளினிக்குக்கு ஓடுவீங்க? தண்ணி குடிங்க. குடிக்கலன்னா பிளேன்காரங்க கேக்குற பயண ஃபாரத்துல டாக்டர் கையெழுத்துப் போடமாட்டாரு." கையில் ஒரு பாட்டிலைத் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

கையெழுத்து இல்லையென்றால் பயணமே இல்லை. மடமடவென்று குடித்தேன். வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. காத்திருந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். எனக்குப் பக்கத்தில், காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் ஒருத்தி, சேறு காயாத பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள். கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்; குரல் வரவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் தரை நனைந்துவிடும்.

"காக், தோலோங்! தண்டாஸ்!"

மலாய்மொழியில் அக்கா, உதவி, கழிவறை. மலையில் தூரத்துத் தேயிலை நிரைக்குக் கூப்பிடுகிற குரலில் கத்திவிட்டேன். பத்துத் தலைகளும் திரும்பின. எனக்குக் காது எரிந்தது. அவள் எழுந்து வந்து நாற்காலியைத் தள்ளினாள். உள்ளே நான் மாறி உட்காரும்போது நாற்காலி வழுக்கியது. விழுந்தேன் என்றே நினைத்தேன். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பயம் விட்டுப்போச்சு," என்றார்.

"எங்க விட்டுச்சு? ஒருத்திகிட்ட கேக்கவே உயிரு போயிருச்சு. இன்னும் எத்தன பேருகிட்ட கேக்கணுமோ."

சொல்லிவிட்டு அவர் பக்கம் கையை நீட்டினேன்.

"அந்தத் தண்ணி பாட்டில எடுங்க," என்றேன்.