"இன்னிக்கும் ஆவலண்ணே"

பாகூர்ப் பக்கத்து எங்கள் கரும்புக்கொல்லையில், வீட்டிலிருந்தே போனில் மோட்டார் போடுகிற பெட்டி ஒன்று வைத்திருந்தோம். முட்டிவலிக்காரரான என் வீட்டுக்காரருக்கு அதுதான் கால். அது பழுதாகி, கம்பெனிக்குப் போய்ப் பத்து நாளாகியும் ஒரு பேச்சில்லை. கொல்லைக்கு நொண்டி நொண்டி நடந்தவர், வாயில் வந்தபடி திட்டினார்.

பிறகு அந்தக் கம்பெனிப் பெண் ஒருத்தி, தினமும் சாயங்காலம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தொடங்கினாள். "அண்ணே, இன்னிக்கும் ஆவலண்ணே. பொட்டிக்குள்ள போடற போர்டு வரல. நாளைக்குக் கேட்டுட்டுச் சொல்றேன்."

வேலை நடக்கவேயில்லை. ஆனாலும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆவலன்னாலும் ஆவலன்னு சொல்லுது பாருடி!" பதிலுக்கு இவரும் தினம் சொன்னார்: "முட்டி பரவால்லம்மா. கரும்புதான் கொஞ்சம் வாடிக்கீது."

"அந்தப் பொண்ணு கேட்டுச்சா ஒங்க முட்டிய?" என்று நான் சிரிப்பேன்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மோட்டார் போட்டார். தண்ணீர் பாய்ந்தது. அன்று சாயங்காலம் மெசேஜ் வரவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரியாயிட்டா பேச மாட்டாங்களா இன்னா?" என்றவர், தானே போனை வாயருகே பிடித்தார்.

"அம்மா, இன்னிக்கு மோட்டார் நல்லா ஓடுது. நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."