கேட்காமலே சிபாரிசு செய்த ஆல்பம்

வெளிநாட்டுப் பாட்டுக் கேட்கிற எங்கள் கூட்டத்தில் எந்த ஆல்பத்துக்கும் அதன் சொந்தப் பெயர் கிடையாது. அட்டையில் என்ன படமோ அதுதான் பெயர். ஒரு மர நாற்காலி தனியாக நிற்கும் அட்டை என்றால் 'நாற்காலி'. செங்கல் சுவர் என்றால் 'சுவர்'. இத்தனைக்கும் எங்களில் பாதிப் பேர் அந்த அட்டைகளைக் கண்ணால் பார்த்ததில்லை. அடையாற்றில் ஒரு பதிவுக் கடை இருந்தது. வெற்றுக் கேசட்டைக் கொடுத்தால் கேட்ட ஆல்பத்தைப் பதிந்து தருவார்கள். ஆல்பம் முடிந்து டேப்பில் இடம் மிச்சமிருந்தால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வேறு ஏதாவது பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். "காலியா வுட்டா டேப்புக்கு அசிங்கம்" என்பது அவர் கொள்கை. நாங்கள் கேட்டதெல்லாம் இப்படிப் பதிவிலிருந்து பதிந்த பதிவுகள்தான். யாராவது ஒருவர் எங்கேயாவது ஒரிஜினலைப் பார்த்துவிட்டு வந்து "அட்டையில ஒரு நாற்காலி கீதுப்பா" என்று சொன்னால் அன்றிலிருந்து பெயர் நிலைத்துவிடும். ஆகவே இப்போது பெயர்களை மறைத்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்போதே அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் புடவைப் பிரிவில் விற்பனையாளனாக இருந்தேன். புடவை பிரிக்கிறவனுக்குக் கையைவிட வாய்தான் முக்கியம். மடிப்பிலேயே இருக்கும் புடவையைக் கையில் எடுத்து, "முந்தானையப் பாருங்கக்கா, அசந்துடுவீங்க" என்று சொல்லிக்கொண்டே பிரிப்போம். முந்தானை எப்படி இருக்கும் என்று நமக்கே தெரிந்திருக்காது. அடுத்த நொடியில் விரித்துக் காட்டிவிடுவதால் அது பொய்யில் சேராது. அக்கா அசந்தாலும் சரி, அசராவிட்டாலும் சரி, கண்ணெதிரே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் அதே வாய் லஸ் முனை டீக்கடையில் த்ராஷ் மெட்டல் என்ற முரட்டு வேக இசையைப் பற்றிப் பேசும்.

பேச எவ்வளவோ இருந்தது. 'நாற்காலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிதார்கள். ஒன்று தையல் மிஷின் மாதிரி விடாமல் குத்திக்கொண்டே போகும். மற்றது அதன் மேல் ஏறி நின்று கத்தும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் நடக்கும்போது வாக்மேனில் அதைக் கேட்டிருக்கிறேன். கால் நம் சொல் கேட்காது, கூட்டம் தள்ளுகிற பக்கம் போகும். அந்த ஆல்பமும் அப்படித்தான், நம்மைத் தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் விட்டுவிடும். 'சுவர்' வேறு மாதிரி. அது ஹார்ட்கோர் என்கிற ரகம். முன்னுரை, முடிவுரை ஒன்றும் கிடையாது. ராயப்பேட்டை மணிக்கூண்டில் பஸ் ஏறினால் லஸ் வந்து இறங்குவதற்குள் டேப்பின் ஒரு பக்கமே முடிந்துவிடும். ஆனால் இறங்கும்போது யாரிடமாவது உண்மையைப் பேசிவிட வேண்டும் என்று நெஞ்சு துடிக்கும். இதையெல்லாம் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது டீ மாஸ்டர், "டீய குடிச்சிட்டு ஆடுப்பா, கிளாஸ் ஒடஞ்சா கிதாரா வந்து குடுக்கும்?" என்பார்.

மயிலாப்பூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார மாமி ஒரு நாள் மாடியேறி வந்து, "ஏண்டாப்பா, கிரைண்டர் வாங்கிண்டு வந்திருக்கியா? கல்லு தேஞ்சுபோன சத்தம் வரதே. மொதல்ல கொத்தி வை, மாவு கெட்டுப்போயிடும்" என்றார். கேலி செய்யவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். நான் டேப்பைக் காட்டினேன். ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, "இதுக்குக் கிரைண்டரே தேவலை" என்று இறங்கிப் போனார்.

நான் சொல்வதையெல்லாம் சிந்தாமல் சிதறாமல் கேட்கிறவன் ஒருவன் இருந்தான். பட்டினப்பாக்கத்துக்காரன். ஐஸ் பேக்டரியில் பாளங்களை உடைத்து மீன் கடைகளுக்கு அனுப்பும் வேலை. அவனை ஐஸ்காரன் என்றே எழுதுகிறேன். ஆங்கிலம் வராது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் கிடையாது. "வரி புரியாட்டி இன்னா நைனா? கோவம் புரியுதுல்ல" என்பான். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், டிரம்ஸ் முழுவதையும் தொடையில் தட்டிக் காட்டிவிடுவான். அவன் அம்மா மீன் விற்கிறவர். முதல் முறை 'சுவர்' கேட்டபோது, "யாரோ அழுவுறாங்கடா, போய் இன்னான்னு கேளு" என்றாராம். அந்த ஆல்பத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

லஸ்ஸில் பழைய பத்திரிகைகள் விற்கும் ஒரு நடைபாதைக் கடையில், வெளிநாட்டு இசைப் பத்திரிகை ஒன்றின் ஒற்றைத் தாள் எனக்குக் கிடைத்தது. உயரமான கால்களோடு ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே ஒரு நாய். அதுதான் ஆல்பத்தின் அட்டைப் படம். பக்கத்தில் விமர்சனம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தேன். கிதார்களைத் தாழ்ந்த சுருதியில் கட்டியிருக்கிறார்கள், முதல் பக்கம் மூச்சுவிட இடம் தராது, மூன்றாவது பாட்டைத் தவறவிடாதீர்கள் என்றெல்லாம் இருந்தது. கடைசியில் 'இரண்டாம் பக்கம் முடியும் இடத்தில்' என்று ஒரு வாக்கியம் தொடங்கியது. அங்கே தாள் கிழிந்திருந்தது.

அந்த ஞாயிறு டீக்கடையில் 'தண்ணி டேங்க்' பற்றிப் பேச ஆரம்பித்தேன். முதல் பக்கம் வரை தாளில் இருந்ததைச் சொன்னேன். ஐஸ்காரன் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "ரெண்டாவது சைடு?" என்றான்.

கடைப் பழக்கத்தில், கை இல்லாத புடவையை எடுத்துவிட்டது. வாய் சொல்லிவிட்டது. "ரெண்டாவது சைடு முடியற இடத்துல எல்லாம் நின்னுடும் மச்சி. டிரம்ஸ் இல்ல, குரல் இல்ல. ஒரே ஒரு கிதார். மெல்லமா, தனியா வாசிச்சுக்கிட்டே போகும். அசந்துடுவ."

"நீ கேட்டியா?"

"ரெண்டு தடவை. கோட்டூர்புரத்துல தெரிஞ்சவங்க வீட்டுல."

விரித்துக் காட்ட என்னிடம் புடவை இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. ஊரில் யாரிடமும் இல்லாத ஆல்பம், எப்போதும் வரப்போவதில்லை, யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வேலை நாளில் ஐஸ்காரன் எங்கள் கடைக்கே வந்துவிட்டான். முகூர்த்தக் கூட்டம். கல்யாண வீட்டுப் பெண்களுக்கு நடுவில் ஈரச் சட்டையோடு நின்றான். அவன் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவர். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். இந்தத் தடவை, 'உனக்கென்று ஒரு பொருள் கேள், வாங்கி வருகிறேன்' என்று எழுதியிருந்தாராம். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இனி இப்படிக் கேட்க முடியாது என்று தம்பிக்குத் தெரியும்.

"அம்மா வாட்ச் கேளுன்னுது. நா தண்ணி டேங்க் கேக்கப் போறன் நைனா. இங்கிலீஷ்ல பேரு எழுதிக் குடு. தப்பா எழுதி வேற எதுனா வாங்கினு வந்துடப் போறாரு."

பாக்கெட்டிலிருந்து கடிதத்தை எடுத்து, விரித்து வைத்த ஒரு மாம்பழக் கலர் புடவையின் மேலேயே வைத்தான். இன்னும் தபாலில் போடவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அவன் வாட்ச் கேட்டிருப்பான், என்னைக் கொஞ்சம் திட்டியிருப்பான். "யோசிச்சுக்கோ, வாட்ச்னா காலத்துக்கும் இருக்கும்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

"அந்தக் கிதார் இருக்காதா?" என்றான்.

பில் போடுகிற பேனாவை வாங்கி, இசைக்குழுவின் பெயரையும் ஆல்பத்தின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் எட்டு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் லஸ்ஸுக்குப் போவேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் புதிதாக வந்த யாரிடமாவது, "கடைசில ஒரு கிதார் வரும் பாரு" என்று ஆரம்பித்திருப்பான். என்னைவிட நன்றாகச் சொன்னான். நான் 'மெல்லமா' என்று விட்ட இடத்தில் அவன், "கட்டுமரம் கரைக்கு வர சொல்லோ ஒரு சத்தம் இருக்கும்ல, அது மாரி" என்பான். அவன் அம்மாவுக்குக்கூட அந்தக் கிதார் தெரிந்திருந்தது. "வருதா உன் கிதாரு?" என்று மீன் கூடையை இறக்கி வைத்தபடி அவனைக் கேட்பாராம்.

ஒரு சனிக்கிழமை தகவல் வந்தது. அண்ணன் வந்துவிட்டார், கேசட்டும் வந்துவிட்டது. நான் வந்தால்தான் பிரிப்பானாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பட்டினப்பாக்கம் குடியிருப்பில் அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணன், தனக்கு நிச்சயமான பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதிலெடுத்துக்கொண்டிருந்தார். ஐஸ்காரன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, கேசட்டின் கண்ணாடித் தாளைக் கிழித்தான். அட்டையில் தண்ணீர்த் தொட்டி, கீழே நாய். அதுவரை எல்லாம் சரியாக இருந்தது.

முதல் பக்கம் விமர்சனத்தில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. தாழ்ந்த சுருதியில் அந்தக் கிதார்கள் நுழைந்ததும் தரையில் வைத்திருந்த என் உள்ளங்கை அதிர்ந்தது. மூன்றாவது பாட்டில் ஐஸ்காரன் எழுந்தே நின்றுவிட்டான். அம்மா வெளியிலிருந்து, "ஐஸ் மிஷின்ல கல்லு உழுந்துச்சாடா?" என்று கேட்டார். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேசட்டைத் திருப்பிப் போட்டான். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் என்னைப் பார்ப்பான், நான் வேறெங்கோ பார்ப்பேன். கடைசிப் பாட்டுதான் எல்லாவற்றிலும் வேகமானது. நடுவில், கிதார் ஒரு சுற்றை முடிக்காமலே, சட்டென்று நின்றது.

டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ்காரன் ஒரு விரலைத் தூக்கினான்.

"மச்சி..." என்றேன்.

"இரு, பேசாத. மெல்லமா வரும்னு சொன்னல்ல. காதுல உழாம பூடும்."

ஒலியை முழுசாக ஏற்றினான். வெற்று டேப்பின் இரைச்சல் அறையை நிறைத்தது. "இன்னாடா, மழ வருதா?" என்றார் அம்மா. இரைச்சல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டேப் ரிக்கார்டரின் பட்டன் டக்கென்று தானே மேலே வந்தது.

"வராது," என்றேன். "நான் இத கேட்டதே இல்லடா."

"கோட்டூர்புரத்துல?"

"கோட்டூர்புரத்துல எனக்கு யாரும் இல்ல."

கிழிந்த தாளைப் பற்றிச் சொன்னேன். அவன் கேசட்டை எடுத்து டப்பியில் போட்டு மூடினான்.

"வாட்ச வுடு. அது போவுது," என்றான். குரலை உயர்த்தவில்லை. "எட்டு மாசமா ஐஸ் ஒடைக்க சொல்லோ தெனமும் அந்தக் கிதாரு எப்டி இருக்கும்னு நெனச்சிக்கினே ஒடச்சேன்டா. இப்ப அது எங்க கீது? சொல்லு."

நான் டப்பியின் மேலிருந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கெளம்பு."

செருப்பைப் போடும்போது அவன் அம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னா நைனா, மீனு துன்னாம போற?" என்றார். வேலை இருக்கிறது என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன பொய்களில் அது எத்தனையாவது என்று தெரியவில்லை.

லஸ் பக்கம் போவதை நிறுத்தினேன். கடையில் பிரிக்கும் முன் முந்தானையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. புடவையைப் பேசாமல் விரித்து வைத்துவிட்டு நிற்பேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான எங்கள் பிரிவுத் தலைவர், "என்னவே, வாயில கொழுக்கட்டையா? துணி தானா பேசுமோ?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. மார்கழியில் ஒரு ஞாயிறு, 'நாற்காலி' டேப் சிக்கிப் பாழாகிவிட்டதால் மறுபடி பதிய அடையாறு கடைக்குப் போனேன். உள்ளே ஐஸ்காரன். கவுன்டரில் சாய்ந்துகொண்டு இரண்டு கல்லூரி மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். கையில் தண்ணி டேங்க். கடைக்காரர் அதைப் பதிவதற்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். இவன் இன்னும் பேசி முடிக்கவில்லை.

"மூணாவது பாட்ட நின்னுக்கினு கேளு. குந்திக்கினு கேட்டா வேஸ்ட்டு. சவுண்டு வெச்சா அம்மா திட்டும், திட்னா திட்டட்டும்."

"ரெண்டாவது சைடு எப்படிண்ணே?" என்றான் ஒரு மாணவன்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"கடைசில ஒண்ணும் வராது," என்றான் ஐஸ்காரன். "பாதில கயிறு அறுந்த மாரி நின்னுடும். நீ இன்னும் வரும் வரும்னு குந்திக்கினு இருப்ப. டேப்பு சும்மா ஓடும். அப்ப உன் காதுக்குள்ள அந்தப் பாட்டு தானா போய்க்கினே இருக்கும் பாரு, அதான் மேட்டரு. நாப்பது வாட்டி கேட்டுட்டன். நாப்பது வாட்டியும் அப்டித்தான்."

திரும்பியபோது என்னைப் பார்த்தான். கொஞ்சம் நகர்ந்து கவுன்டரில் இடம் விட்டான். மாணவன் என்னிடம், "நீங்களும் கேட்டிருக்கீங்களாண்ணே?" என்றான்.

"ஒரு தடவை," என்றேன்.

"அப்ப நீ பேசக் கூடாது," என்றான் ஐஸ்காரன். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, "இவனுக்கும் ஒண்ணு போட்டுக் குடு நைனா. முடிஞ்ச பொறவு மிச்ச எடத்துல எதுவும் போட்டு ரொப்பாத. காலியா வுட்டுடு" என்றான்.