சத்தமில்லாத கேமரா

என் பழைய கேமராவும் மகள் வாங்கித் தந்த புதியதும் உள்ளே கண்ணாடி இல்லாத ‘மிரர்லெஸ்’ வகைதான். இரண்டும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கானவை. இடையில் பத்து வருட வித்தியாசம். பழையது சர்ச்சின் மங்கல் வெளிச்சத்தில் முகத்தைத் தேடித் தடுமாறும், ஒவ்வொரு படத்துக்கும் ‘டக்’கென்று கத்தும். அதனால் ஜெபம் தொடங்கினால் கீழே வைத்துவிட்டு நானும் கண்ணை மூடிவிடுவேன். புதியது தானாகவே முகத்தைப் பிடிக்கும், சத்தமே கிடையாது. பேரனின் ஞானஸ்நானத்தில் ஜெபம் முழுக்கப் படமெடுத்துக்கொண்டே நின்றேன்.

ஆராதனை முடிந்ததும் மனைவி கேட்டாள்: “படம் எல்லாம் கிட்டிச்சா? பிள்ளைக்கு ஜெபிச்சது உண்டா?”

“இல்ல.”

“பின்ன, பேரனுக்க அப்பூப்பனா வந்தியளா, படக்காரனா வந்தியளா?”

காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது. பெஞ்சில் உட்கார்ந்து, அவள் மடியில் தூங்கிய பிள்ளையின் தலையில் கைவைத்து, “ஆண்டவரே, பிந்திப்போனேன், மன்னியும்” என்று ஆரம்பித்தேன்.