ஓரகத்தியின் அமுக்கராப் பாத்தி

தோணிரேவு கிராமத்து வசந்தா ஏரியில் இறங்கத் தொடங்கியது வயதுக்கு வருவதற்கு முன்பே. இடுப்பளவுத் தண்ணீரில் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, விரலில் முட்டுகிற இறாலைப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது ஓலையில் பின்னிய கூடை. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அப்படிக் கடித்துக் கடித்து, நாற்பதைத் தாண்டியபோது வசந்தாவுக்கு முன்பல் இரண்டும் ஆட்டம் கண்டுவிட்டன. கெளுத்தி முள் குத்தி வீங்காத விரல் ஒன்றுகூட அவளிடம் இல்லை.

அம்பிகாவின் பல் வரிசை முத்து மாதிரி இருக்கும். வசந்தாவின் கணவன் கேசவனுடைய தம்பி பிரதாப்பைக் கட்டிக்கொண்டு சூலூர்பேட்டையிலிருந்து வந்தவள் அவள். ஏரியில் கால் நனைத்தவள் இல்லை. வசந்தா பிடித்து வந்த இறாலைக் கரையில் வாங்கி, ஐஸ் போட்டு, பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோவாள். அங்கே வாடிக்கைக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘அம்பிகா எறா’. இதை வசந்தா ஒருமுறை தன் காதாலேயே கேட்டாள். கேட்டது முதல் சந்தைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

வீடுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் பனைமட்டை வேலி. அம்பிகா வீட்டில் குழம்பு கொதித்தால் இந்தப் பக்கம் கேசவன் மூக்கை உறிஞ்சுவான். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. அதுதான் வசந்தாவுக்கு இன்னும் எரிச்சல்.

இப்படி இருக்கும்போதுதான் மகளிர் குழுக் கூட்டத்துக்குத் தமிழ்வாணன் வந்தார். பொன்னேரியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். அமுக்கராக் கிழங்கைப் பற்றிப் பேசினார். கொரியாக்காரர்கள் ஜின்செங் என்று ஒரு வேரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், நமக்கு அந்த இடத்தில் இருப்பது இதுதான் என்றார். உடம்புக்குத் தெம்பு, நல்ல தூக்கம், பாலில் கலந்து குடிப்பார்கள். ஜின்செங்குக்கு மலையும் குளிரும் நிழலும் வேண்டும், இதற்கு வெயிலும் மணலும் போதும், கொஞ்சம் உப்புத் தரையானாலும் தாங்கும் என்றார். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது என்றும் சொன்னார். அதைச் சொன்ன நேரத்தில் வசந்தா, அம்பிகா கட்டியிருந்த புதுச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழுத் தலைவி ஜெபசெல்வி, புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற மணல்மேட்டைக் குழுவுக்காகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். ஏரி பெருகினாலும் தண்ணீர் ஏறாத மேடு அது. ஆனால் இந்த மணலுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று தமிழ்வாணனுக்கே தெரியவில்லை. நீங்களே போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று விதையைக் கொடுத்தார். கொல்லையில் நல்ல மணல் இருந்தது இரண்டு பேருக்குத்தான், வசந்தாவுக்கும் அம்பிகாவுக்கும். ஆளுக்கு ஒரு பாத்தி போடுவது, யாருடைய வேர் தேறுகிறதோ அவளுக்கு மேடு, அவள் வளர்த்த விதமே அங்கேயும் என்று முடிவானது.

அன்று சோற்றைப் பிசைந்தபடியே வசந்தா கணக்குப் போட்டாள். மேடு கிடைத்தால் ஏரியிலிருந்து கரையேறிவிடலாம். காய்ந்த மணலில் குந்தி வேலை செய்யலாம். கயிறு கடிக்க வேண்டாம். அம்பிகாவுக்கு எதற்கு மேடு? அவள் என்றைக்குத் தண்ணீரில் நின்றாள், கரையேறுவதற்கு?

மழை ஓய்ந்து தை பிறந்ததும் விதைத்தார்கள். அம்பிகா பாத்தியில் முளை முந்திக்கொண்டு வந்தது. வசந்தா காலையில் வாய் கொப்பளிக்கும் சாக்கில் வேலியருகே போய், மட்டை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். செடிகள் முழங்கால் உயரம் வந்தபோதும் அந்தப் பக்கத்துச் செடிதான் ஒரு விரல் உசத்தி. கொல்லையில் குதிரைவண்டி நிறுத்தின மாதிரி நாறுகிறது என்று கேசவன் சொன்னான். அமுக்கராவின் வாசனை அப்படித்தான். எந்தக் கொல்லை அதிகம் நாறுகிறது என்று வசந்தா அவனை விடாமல் கேட்டாள்.

அந்த ஊரில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். நல்ல தண்ணீர் லாரியில் வரும். ஒரு குடம் நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது, பிள்ளைக்கு வைத்திருந்த பாலை எடுத்து ஊற்றுவதுபோல. செடிமேல் ஆசை இருக்கிறது என்றால் அதைக் காட்ட அங்கே வேறு வழி கிடையாது. இரண்டு பேருமே அப்படித்தான் ஊற்றினார்கள்.

சித்திரை பிறந்ததும் சூலூர்பேட்டையிலிருந்து அம்பிகாவுக்குப் போன் வந்தது. அவளுடைய அப்பாவுக்கு விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள்.

“அக்கா, நைனா எழுந்து நடக்கிற வரைக்கும் நானும் அவரும்தான் கூட இருந்து பாத்துக்கணும். லாரி வந்தா என் கொடத்தையும் நீயே புடிச்சிக்கோ. தினம் ஒரு கொடம் என் பாத்திக்கு ஊத்திடுக்கா. ஒன்ன நம்பித்தான் போறேன்.”

“போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்,” என்றாள் வசந்தா.

முதல் நாள் அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிப் படல்வரை போகத்தான் செய்தாள். அம்பிகாவின் செடிகள் காற்றில் தலையாட்டின. அந்தத் தலையாட்டலில் ஒரு திமிர் இருந்ததாக அவளுக்குப் பட்டது. திரும்பி வந்து குடத்தைத் தன் பாத்தியில் கவிழ்த்தாள். மறுநாளும் அப்படியே. பிறகு படல்வரை போவதுகூட இல்லை. லாரி வந்ததும் அம்பிகாவின் பச்சைக் குடம் நேராக வசந்தாவின் கொல்லைக்கு வந்தது.

இரட்டைத் தண்ணீரில் அவள் செடி கொழுத்தது. இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அடியிலை மஞ்சளாகி உதிர்ந்தது. மிச்ச இலையும் பகலெல்லாம் தொங்கிக் கிடந்தது. வசந்தா இப்போது வாய் கொப்பளிக்கும் சாக்கில்லாமலே வேலியருகே போனாள். அம்பிகா போனில் கேட்கும்போதெல்லாம், நல்லா கீது, நல்லா கீது என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

வைகாசி போய் ஆனியில் அம்பிகா புருஷனோடு திரும்பி வந்தாள். அதற்குள் பழங்கள் காய்ந்த உறைக்குள்ளே சிவந்திருந்தன, வேர் பிடுங்குகிற பருவம். தன் பாத்தியைப் பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த வருஷ வெயில் அப்படி என்று வசந்தா ஆறுதல் சொன்னாள். சொல்லும்போது சிரிப்பு வந்துவிடுமோ என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

தமிழ்வாணனும் ஜெபசெல்வியும் வந்தார்கள். குழுப் பெண்கள் வேலியைச் சுற்றி நின்றார்கள். முதலில் வசந்தாவின் பாத்தி. இடுப்பளவு நின்ற செடியின் தண்டைப் பிடித்து அவள் இழுத்தாள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அடியில் வேர் என்று இருந்தது நாலைந்து நூல். நுனி கறுத்து, வழவழவென்று அழுகியிருந்தது. இன்னொன்றை இழுத்தாள், அதுவும் அப்படியே. மூன்றாவதை அவள் இழுக்கவில்லை.

அம்பிகாவின் செடி கைக்கு வரவே இல்லை. பிரதாப் கடப்பாரை போட்டு நெம்பினான். வேர் சுண்டுவிரல் கனத்தில் நேராக மணலுக்குள் இறங்கியிருந்தது. தமிழ்வாணன் அதை ஒடித்தார். பட்டென்று ஒடிந்து, உள்ளே மாவு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று அவர் அம்பிகாவைக் கேட்டார். தான் ஊரிலேயே இல்லை, அக்காதான் பார்த்துக்கொண்டார்கள், தினம் ஒரு குடம் என்று சொன்னாள் அவள். பெண்களெல்லாம் வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தன் செடி போனாலும் ஓரகத்தி செடியைக் காப்பாற்றியிருக்கிறாளே என்று ஒருத்தி மெச்சினாள். அப்போ மேட்டிலும் பாத்திக்கு ஒரு குடம் என்று தமிழ்வாணன் சொல்ல, அத்தனை தண்ணீருக்கு எங்கே போவது, தனி லாரிதான் சொல்ல வேண்டும் என்று ஜெபசெல்வி யோசிக்கத் தொடங்கினாள்.

வசந்தாவுக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மேட்டில் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். அம்பிகாவின் வேர் மொத்தமும் நூலாகி அழுகும். நினைக்கவே இனித்தது. ஆனால் மேடு அழுகினால் அம்பிகாவுக்குச் சந்தை இருக்கிறது. மேட்டில் கூலி வேலைகூட இல்லாமல் ஏரிக்குத் திரும்புகிறவள் யார்? இது ஒரு பக்கம் இருக்க, பொறுக்கவே முடியாத ஒன்று இன்னொரு பக்கம் இருந்தது. எல்லாரும் அந்த வேரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து, அம்பிகா சொன்ன கணக்கு சரியாகிவிட்டது, அவள் ஊரில் இல்லாமலே சாதித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இவ சொன்ன கணக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றாள் வசந்தா. “இவ போன நாளா அந்தப் பாத்திக்கு ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தல.”

அம்பிகா கையிலிருந்த வேரைக் கீழே வைத்தாள்.

“அப்போ என் கொடத்துத் தண்ணி இன்னா ஆச்சுக்கா?”

எல்லார் கண்ணும் அழுகிக் கிடந்த செடிகளின் பக்கம் போனது. யாரோ ஒருத்தி வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். தமிழ்வாணன் மட்டும் இரண்டு செடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே விதை, ஒரே மணல், முளைத்து நிற்கிற வரைக்கும்தான் தண்ணீர், அப்புறம் செடியைத் தவிக்க விட்டால்தான் வேர் கீழே தேடிப் போகும்போல என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மேடு அம்பிகாவுக்கு என்று ஜெபசெல்வி சொன்னாள். அம்பிகா வசந்தாவைப் பார்க்காமலே சொன்னாள்.

“அக்காவும் என்கூட மேட்டுக்கு வரட்டும். எட்ட நின்னு வயிறு எரியறதுக்குப் பக்கத்துல நின்னு எரியட்டும், எனக்கும் கண்ணுக்கு நேரா இருக்கும். தண்ணிக் கொடம் மட்டும் என் கைல.”

அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போது வெடித்தது. பிரதாப்கூடச் சிரித்தான். வசந்தாவுக்குக் காது சுட்டது. கரையேறியாகிவிட்டது, அது நிஜம். ஆனால் பத்து பேர் நடுவில் அந்த நல்ல மனசையும் அந்த நல்ல பேச்சையும் அம்பிகாவே தட்டிக்கொண்டு போய்விட்டாள். தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று ராத்திரிவரை வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை.

அடுத்த தையில் மேட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்று அம்பிகா கேட்டாள். அவள் பார்வை மேற்குப் பக்கமாக இருந்ததைக் கவனித்து, வசந்தா மேற்கைக் கேட்டாள். விதைத்தார்கள். ஒரு காலை வசந்தா போய்ப் பார்த்தபோது கிழக்குப் பக்கம் முளை வந்திருந்தது. மேற்கில் இன்னும் மணல்தான். குனிந்து, முழங்கால் போட்டு, முகத்தை மணலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“கெழக்கு நல்ல பக்கம்னு தெரிஞ்சுதானே நீ மேற்கப் பாத்த?” என்றாள், பின்னால் வந்து நின்ற அம்பிகாவிடம்.

“நான் பாத்தது ஏரில போன படகைக்கா,” என்றாள் அம்பிகா.

வசந்தா நம்பவில்லை.