நோடேப் அடிச்சா நின்னுபோற மெஷின்

சிரிக்காதீங்கப்பா. நீங்களும் எவனோ எழுதின ப்ரோக்ராமுக்காகத் திட்டு வாங்கினவங்கதான், மூஞ்சிலயே தெரியுது. மெஷின் ஓடினா வித்தவன் கெட்டிக்காரன், நின்னா ஆபரேட்டர் முட்டாள். எங்க தொழில் இவ்ளோதான்.

எனக்கு இன்னா வேலை

தொண்ணூத்தி ஒண்ணுல பாலிடெக்னிக்க பாதில வுட்டுட்டு, ஸ்ரீபெரும்புதூர்ல மாடி ரூம்ல இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனில சேந்தேன். மெஷினப் போட்டதும் உள்ள மொதல்ல முழிக்கிற ப்ரோக்ராமுக்குப் பேரு கெர்னல். டேப்பு, பிரிண்டரு எல்லாத்தையும் மேய்க்கிறது அதுதான். முழிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல ஒரு வரி கேக்கும். 'நோடேப்'னு அடிச்சா டேப்பத் தொடாது, 'நோபிரிண்டர்'னா பிரிண்டரத் தொடாது. அந்த வரியப் படிச்சுப் புரிஞ்சிக்கிற கோடு, அதாவது ப்ரோக்ராம்ல அந்தப் பகுதி, நான் எழுதினது. அம்மாகிட்ட சுருக்கமா, "வேணாங்கறத அணைக்கிறேம்மா"ன்னேன்.

"வூட்ல லைட்ட அணைடான்னா காது கேக்காது, அங்க போனா அதுக்கு சம்பளமா?"

புரியலன்னு சொல்லாதே

மொதல்ல யோக்கியமாதான் எழுதினேன். தெரியாத வார்த்தை வந்தா 'புரியல'ன்னு ஸ்க்ரீன்ல போடும். ஒரு நாள் கஸ்டமர் எதிர்லயே போட்டுச்சு. அன்னிக்கே அத எடுத்துட்டேன். அதோட வுட்டேனா? ஒரு வார்த்தை புரியலன்னா மீதிய எதுக்குப் படிக்கணும்னு, மொத்த வரியயும் சத்தமில்லாம தூக்கிப் போடற மாதிரி நானே மாத்தினேன். மொதல்ல அத எடுக்கச் சொன்னப்போ எங்க மேனேஜர் என்ன வராண்டாவுக்கு இழுத்துகினு போய்ச் சொன்னது:

"நம்ம மெஷினுக்குப் புரியலன்றத நம்ம வாயாலயே சொல்லணுமாய்யா?"

கைராசி

ரோட்டோர ஃபேக்டரி ஒண்ணுல எங்க மெஷின் இருந்துச்சு. ஆபரேட்டர் ஏழுமலை அண்ணன், வல்லக்கோட்டைலேருந்து சைக்கிள்ல வருவார். மூணு வருஷமா டெம்பரரி. அந்த மாசம் பர்மனென்ட் லெட்டர் வரணும். அப்பப் பாத்து டேப் டிரைவ் செத்துச்சு. கெர்னல் அதத் தொட்டா, பதில் வரும்னு காத்துகினே நின்னுடும். "நோடேப் அடிண்ணா"ன்னு போன்ல சொன்னேன். அடிச்சார், நின்னுச்சு. நான் போய் அடிச்சேன், ஓடுச்சு. மூணு நாள் காலைல இதே கூத்து. எங்க மெஷின் அடிச்சுக் குடுக்கற பார்ட்ஸ் லிஸ்ட் வராம ஃபேக்டரி லைன் சும்மா நிக்குது. சூப்பர்வைசர் அண்ணன வெச்சிகினே என்கிட்ட சொன்னார்:

"நீ தொட்டா ஓடுது, இவன் தொட்டா படுத்துக்குது. இவனுக்கா பர்மனென்ட்டு?"

அந்த ரெண்டு

நாலாம் நாள் பின்னாடி நின்னு பாத்தேன். அண்ணன் கண்ண மூடித் தொறந்து, மொதல்ல '2' அடிச்சார். கொஞ்சம் இடம் வுட்டு 'நோடேப்'.

"இன்னாண்ணா ரெண்டு?"

"பிள்ளையார் சுழிப்பா. இந்த கீபோர்டுல உ எங்க கீது? இதான் கொஞ்சம் அந்த ஜாடைல கீது. சுழி போடாம நான் எதையும் எழுதறதில்ல."

'2' என் கோடுக்குத் தெரியாத வார்த்தை. நோடேப்பும் சேந்து குப்பைக்குப் போயிருக்கு. கதவாண்ட சூப்பர்வைசர், "யார் தப்பு?"ன்னார்.

"ஆபரேட்டர் எக்ஸ்ட்ராவா ஒண்ணு அடிச்சிட்டார் சார்."

பொய் இல்லியே! அந்த மாசம் லெட்டர் வரல. அண்ணன் எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு சொன்னார்:

"நல்லவேளப்பா, பிள்ளையார் பேர இழுக்காம என் பேரச் சொன்னே."

அன்னிக்கு சாயந்திரமே மூணே வரில கோடத் திருத்திட்டேன், ஆனா தப்பு என்னுதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, என் கோடு மாதிரியே நானும் சத்தம் காட்டாம இருந்துட்டேன்.