மந்தம் தனி, சண்டை தனி

எம்.பி. பேசினால் கைத்தட்டல் அவருக்கு. பேச முடியாமல் போனால் திட்டு, ஊரில் அலுவலகத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற உதவியாளனுக்கு. அடுத்தவர் வேலைக்கு வசவு வாங்கிப் பிழைக்கும் என் இனத்து மக்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

பத்து மணிக்குள்

நாடாளுமன்றத்தில் மற்றதை ஒத்திவைத்துவிட்டு இதை உடனே விவாதியுங்கள் என்று கேட்க, எம்.பி. காலை பத்து மணிக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் அன்றோடு அது செத்தது. மறுநாள் புதிதாக எழுத வேண்டும். நான் ராமநாதபுரத்தில் தட்டச்சு செய்து அனுப்ப, டெல்லியில் எங்கள் எம்.பி. கொடுப்பார். வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டதிலிருந்து தினமும் இதே பாடுதான்.

முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து முத்துலட்சுமி வந்தாள். அவள் புருஷன் முருகேசன் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஏதோ பெரிய காரியம் செய்கிறவன் மாதிரி நோட்டீஸைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அங்கன குண்டு போடாம இருப்பாகளா அண்ணே?"

ஒரே நோட்டீஸ்

கப்பல் போகவில்லை, மிளகாய் வத்தல் தேங்கிக் கிடக்கிறது, ஊரெல்லாம் வேலையில்லை. சண்டையோடு சேர்த்து இந்தத் தொழில் மந்தத்தையும் ஒரே நோட்டீஸில் அடைத்து அனுப்பிவிட்டேன். ஒரு நோட்டீஸில் ஒரு விஷயம்தான் வரலாம் என்பது விதி. திரும்பி வந்துவிட்டது. எம்.பி. போனில் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்: "மந்தம் தனியா, சண்டை தனியா எழுதுய்யா! ஒரு நாள் வீணாப் போச்சே!"

எதிரே முத்துலட்சுமி உட்கார்ந்திருந்தாள். வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளுகிற அவளுக்கு அந்த வாரம்தான் வேலை நின்றிருந்தது. "ரெண்டா? எங்க வீட்டுல அது ஒண்ணுதான் அண்ணே."

மேசை மேல்

புதுமடம் நண்டு வியாபாரி சாகுல் பாய் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். ஏற்றுமதிக்கு எடுக்க ஆளில்லாமல் ஐஸ் கரைந்து போன நண்டு. யா அல்லா, அந்த வாடையில் ஆபீஸே காலி! அமைச்சரைச் சபை மேசையில் அறிக்கை வைக்கச் சொல்வோம் பாய், கொஞ்சம் பொறுங்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னேன். "பேப்பரை வச்சா எவன் பாக்குறான்? இதைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லு தம்பி, நாத்தத்துக்காச்சும் திரும்பிப் பாப்பாக."

விமானத்தில் ஒரு இடம்

விவாதம் வரவே இல்லை. ஆனால் எம்.பி. சும்மா இருக்கவில்லை, டெல்லியில் ஒவ்வொரு அதிகாரி அறையாக ஏறி இறங்கி, ஆட்களை மீட்கும் விமானத்தில் முருகேசனுக்கு இடம் வாங்கிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முத்துலட்சுமிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். ஓவென்று அழுதாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தவள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. முகம் வீங்கியிருந்தது. என்ன தாயி, எப்ப வாராரு என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "'குண்டு என்னைக்கோ ஒருநாத்தான் விழும், வயிறு தினமும் கேக்கும், இங்கனயே கெடக்கேன்'னு அவுக சொல்லிட்டாக அண்ணே. அந்தச் சீட்டை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

குண்டு விழும் ஊரிலிருந்து ஆளை ஏற்றிவர எப்படியோ விமானம் கிடைத்துவிடுகிறது. வந்து இறங்குகிறவன் எதைத் தின்பான் என்று பேசத்தான் இந்தத் தேசத்தில் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.