வெள்ளிக்கிழமைதோறும் மயங்கிய மீன்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தோசையைப் பிட்டு வாயில் வைக்கப்போனேன். போன் அடித்தது. லோரி முனியாண்டி.

"அண்ணே, பசியாறினது போதும், ஓடியாங்க! மீனு மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூடுது!"

"எந்த மீனு தம்பி?"

"எங்கிட்ட எத்தனை மீனு இருக்கு? கெலிசாதான் லா!"

கெலிசா என்றால் அரோவானா. முனியாண்டி பாடாங் செராயில் மூன்று லோரி வைத்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றுகிறவன். வீட்டு ஹாலில் ஆறடித் தொட்டி, அதில் சிவப்புச் செதிலோடு ஒரே ஒரு மீன். அது நன்றாக இருக்கும்வரை தன் லோரி எதுவும் கவிழாது என்பது அவன் நம்பிக்கை. அதனால் அந்த மீனுக்குத் தலைவலி என்றால்கூட எனக்குப் போன் வரும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கோலா கெத்தில் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். சரியாகச் சொன்னால் அதுதான் என்னை விட்டது. ரப்பர்ப் பால் மரம் வெட்டினேன். பிறகு சுங்கை பட்டாணியில் ஒரு மீன் கடையில் பக்கெட் தூக்கினேன். இன்று சொந்தக் கடை. வாசலில் 'மீன் டாக்டர் சுப்பையா' என்று போர்டு, எழுத்து ஒவ்வொன்றும் ஒரு அடி உயரம். டாக்டர் பட்டத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே பெயிண்டரிடம் சொல்லி எழுதிக்கொண்டேன். அதற்குத் தகுதி இல்லை என்று இதுவரை ஒரு மீனும் சொன்னதில்லை.

முதல் மூன்று சனிக்கிழமைகள்

நான் போனபோது மீன் தண்ணீர் மட்டத்தில் கிடந்தது. செவுள் படபடவென்று அடித்தது. டெஸ்ட் கிட்டில் தண்ணீரைச் சோதித்தேன். அமோனியா இல்லை, பி.எச். சரி. ஃபில்டரைத் திறந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று கழுவுகிறவன் மீனைக் கொல்லப் போகிறான். அந்தப் பழுப்பில்தான் பாக்டீரியா குடியிருந்து மீனின் கழிவைத் தின்கிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் எடுத்து, அதில் லேசாக அலசிப் பிழிய வேண்டும். இதை எனக்குப் புத்தகம் சொல்லவில்லை, செத்த மீன்கள் சொல்லின.

அப்படியே செய்தேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஆன்டி குளோரின் ஊற்றினேன். மாலைக்குள் மீன் கீழே இறங்கி, போட்ட இறாலைக் கவ்வியது.

"பாத்தியா தம்பி? டாக்டர்னு சும்மாவா எழுதி வச்சிருக்கேன்?" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அதே போன், அதே வாய்ப் பொளப்பு. இந்த முறை பழி குழாய்த் தண்ணீர் மேல். பஞ்சை மாற்றினேன், செராமிக் ரிங்கை அலசினேன், கெத்தாபாங் என்னும் வாதுமை இலை போட்டேன், தண்ணீர் மாற்றினேன். மீன் தேறியது.

அன்றைக்கு முனியாண்டியின் மனைவி கமலா பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நேத்து தொட்டி பக்கம் போனா ஒரு மாதிரியா கோயில் வாசம் வந்துச்சு..."

"தங்கச்சி, நீ சாமியைப் பாரு. தண்ணியை நான் பாத்துக்கிறேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் சனிக்கிழமையும் மீன் மேலே வந்தது. அதே வாரம் முனியாண்டியின் லோரி ஒன்று கால்வாயில் இறங்கியது. ஆளுக்கு ஒன்றுமில்லை, குலைதான் கொட்டியது. ஆனால் அவன் முகம் செத்துவிட்டது. கோப்பிக் கடையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டான்:

"அண்ணே, உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. எதிர்க் கடை ஆ செங்கைக் கூப்பிடுறேன்."

ஆ செங் என் கடைக்கு எதிரே மீன் கடை வைத்திருக்கும் சீனர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அடுத்த சனிக்கிழமை அந்த மீனு மேல வந்துச்சுன்னா, என் போர்டை நானே கழட்டி உன் லோரியில ஏத்துறேன். போதுமா?"

"ஏணி இருக்கா அண்ணே?" என்றான் பக்கத்து மேசைக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். பாலில்லாத தே ஓவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சனிக்கிழமை காலையில் வியாதி என்றால், அது வெள்ளிக்கிழமைதான் ஆரம்பிக்கிறது. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளிதான் வார ஓய்வு நாள். என் கடையும் அன்று அடைப்பு. இத்தனை வருடத்தில் வெள்ளிக்கிழமை ஒரு கஸ்டமர் வீட்டுப் படியைக்கூட நான் மிதித்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே முனியாண்டி வீட்டில் நாற்காலி போட்டு, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மீன் ராஜா மாதிரி நீந்தியது. ஐந்து மணிக்கும் அப்படியே. ஆறு மணிக்கும் அப்படியே.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றான் முனியாண்டி. சொன்னானே தவிர, அவனும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஏழு மணிக்குக் கமலா குளித்து வந்து, தொட்டியை ஒட்டியிருக்கும் சாமி மேடையில் விளக்கேற்றினாள். வெள்ளிக்கிழமை வழக்கப்படி தூபக்காலில் நெருப்புப் போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டினாள். கொசுவுக்கும் சேர்த்து இரட்டைப் பங்கு. வீடெல்லாம் காட்டிவிட்டு வந்து, தூபக்காலைச் சாமி மேடைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். புகை குபுகுபுவென்று கிளம்பியது. அந்தப் புகைக்கு நடுவில், ஒரு முழம் தள்ளி, உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது தொட்டிக்குக் காற்று ஊதும் என் ஏர் பம்ப்.

கால் மணி நேரத்தில் மீன் மேலே வந்தது. நான் தொட்டி மூடியைத் திறந்து குனிந்தேன். தண்ணீருக்குள் பம்ப்புக் காற்றைக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோனிலிருந்து வந்த ஒவ்வொன்றும் வெடித்து, என் மூக்கில் சாம்பிராணியாக அடித்தது.

பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தேன். பம்ப்பை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் காற்று இழுக்கும் இடத்தில் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கும். புதிதில் அது வெள்ளை. இது கறுத்து, பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. மூன்று வாரமாக ஃபில்டரைப் பத்து தடவை பிரித்துப் போட்டவன், பம்ப்பை ஒரு தடவை கவிழ்த்துப் பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினேன். "பம்ப்பு சாம்பிராணிப் புகையை இழுத்துத் தண்ணிக்குள்ள ஊதியிருக்கு! நேத்துவரைக்கும் யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

முனியாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. கமலா மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணே, அந்த பம்ப்பை அங்க வச்சது யாரு?"

நான் தண்ணீர் மாற்றப் பக்கெட்டைத் தேடினேன்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

வைத்தது நான்தான். முதல் சனிக்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை. அதுவரை பம்ப் தொட்டிக்கு அடியில், கேபினட்டுக்குள் இருந்தது. ஒரு நாள் கரண்ட் போக, தண்ணீர் ட்யூப் வழியாக இறங்கி பம்ப்பை எரித்து, ஹாலையும் நனைத்துவிட்டது. பம்ப் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. அந்த ஹாலில் ட்யூப் எட்டுகிற உயரம் சாமி மேடைப் பலகை ஒன்றுதான். "சாமி பக்கத்துல மெஷினா?" என்று அன்றைக்கே கமலா கேட்டாள். "சாமியே காத்துலதான்மா இருக்காரு," என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

இன்று யாரும் சிரிக்கவில்லை.

"நான்தாம்மா வச்சேன்," என்றேன். "நீ வாசம் வருதுன்னு சொன்னப்பவும் நான்தான் கேக்கல."

பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுப் பாதித் தண்ணீரை மாற்றினேன்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பம்ப்பைக் கேபினட்டுக்குள்ளேயே வைக்கலாம், ஆனால் ட்யூபில் ஒரு செக் வால்வு போட வேண்டும். விரல்நுனி அளவு பிளாஸ்டிக் சாமான். காற்றை மேலே விடும், தண்ணீரைத் திரும்ப விடாது. "வால்வு போடுறவன் தொழில் தெரியாதவன்" என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவன் நான். அதனால் என் கடையில் அது கிடையாது. வெள்ளிக்கு விடுமுறை விடாத ஆ செங் கடைக்கு அடைக்கும் நேரத்தில் போனேன்.

"செக் வால்வு ஒன்னு குடு."

ஆ செங் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் அவர் தமிழ் என் தமிழைவிடச் சுத்தம்.

"உனக்கா?"

"கூலிம்ல ஒரு கஸ்டமருக்கு."

"முனியாண்டி இப்பதான் போன் பண்ணான் லா," என்றார். "ரெண்டா வச்சுக்கோ. ஒன்னு உன் வாய்க்கு."

போர்டு

மறுநாள் சனிக்கிழமை. மீன் கீழேயே நீந்துகிறது, இறால் கேட்கிறது என்று காலையில் முனியாண்டி போன் செய்தான். சொன்ன சொல்படி பார்த்தால் ஜெயித்தது நான். சனிக்கிழமை மீன் மேலே வரவில்லை.

ஆனால் ஏணியை எடுத்துப் போர்டைக் கழற்றினேன். என்னைக் கேட்டால் என்னைவிடப் பெரிய ஃபில்டர்க்காரன் கெடாவில் கிடையாது. அப்படிப்பட்டவனே ஒரு மீனுக்கு மூன்று வாரம் புகை போட்டிருக்கிறான் என்றால், அதற்குத் தண்டனை வேண்டும் அல்லவா?

மூன்று நாள் போர்டு கடைக்குள் சுவரைப் பார்த்து நின்றது. அந்த மூன்று நாளும் வந்த கஸ்டமர்களில் ஒருவர்கூட, "போர்டு எங்கே" என்று கேட்கவில்லை. அது எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

நாலாம் நாள் முனியாண்டியும் கமலாவும் லோரியிலேயே வந்து இறங்கினார்கள்.

"எங்கண்ணே போர்டு? எங்க வீட்டு டாக்டர் பேரு இல்லாம கடை மொட்டையா இருக்கு," என்றாள் கமலா. அவள்தான் முதலில் கேட்டவள். முனியாண்டி ஏணியில் ஏறினான்.

"இருங்க. பெயிண்டர் வரட்டும்," என்றேன்.

தம்பிகளே, டெஸ்ட் கிட் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். வீட்டைப் பற்றி வீட்டில் இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் வாயைத் திறக்கும்போது நீங்கள் வாயை மூடுங்கள். வியாதி எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் போய் உட்காருங்கள். இப்போது புது வீட்டுக்குப் போனால் நான் முதலில் தேடுவது சாமி மேடையைத்தான். "என்ன பக்தி!" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

போர்டு இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. வந்து பாருங்கள். 'மீன் டாக்டர் சுப்பையா', ஒரு அடி எழுத்து. அதன் அடியில் பெயிண்டர் சின்ன எழுத்தில் சேர்த்த வரி: 'வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும்.'